நிறம் பார்த்துப் போட்ட கோடு

மார்ச் 4, புதன்

தராசுக்கு,

உன் அண்ணி எழுதறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும். கோழி கிளறின மாதிரி இருக்குன்னு பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரிச்சவ நீதானே. மறக்கல. இருபத்தொரு வருஷமா உனக்கு ஒரு வரி எழுதல, இப்பவும் உன் நலம் விசாரிக்க எழுதல. போன் பண்ணியிருப்பேன். மிஷின் சத்தத்துல உனக்கு ரெண்டு காதும் போயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். அதான் பேனா.

ஒரே ஒரு கேள்வி. அதுக்கு மட்டும் பதில் போடு.

என் மகளோட மக, உன் அண்ணனுக்குப் பேத்தி, அஞ்சு வாரமா என் வீட்டுல தங்கி வேலைக்குப் போறா. இங்க பெரிய ஆஸ்பத்திரியில கதிர் மருந்துப் பிரிவு. தடிச்ச சுவருக்குள்ள மருந்து இருக்கும், சுவர்ல ஒரு கண்ணாடி ஜன்னல். இவ ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்னு, இரும்புக் கையை ஆட்டி, உள்ள இருக்கற மருந்தைச் சின்னச் சின்னக் குப்பியில பிரிக்கணும். நாளைக்கு ஆறு மணி நேரம். மூக்கு கண்ணாடியில முட்டற மாதிரி நிக்கற வேலை.

முந்தாநாள் அந்த ஜன்னலைப் போன்ல படம் எடுத்துட்டு வந்து, "பாட்டி, நீ வேலை பார்த்த கண்ணாடிப் பட்டறை பேரு ஜன்னல் சட்டத்துல போட்டிருக்கு பாரு"ன்னா. ஒரு நிமிஷம் பெருமையா இருந்துச்சு. அப்புறம் கீழ் மூலையைப் பெரிசாக்கிக் காட்டச் சொன்னேன். காது மடல் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கு, அந்த விளிம்பை ராவி வழவழன்னு தேய்ச்சு விட்டிருக்கு. அது என் கை. பெத்த பிள்ளைங்க முகம் மறந்தாலும் நான் தேய்ச்ச கண்ணாடிப் பாளம் எனக்கு மறக்காது.

அதை மத்த பாளங்களோட சட்டத்துல அடுக்கி ஏத்தின நாளும் மறக்கல. மேஸ்திரி லீவு. சங்கிலிக் கப்பி பழுது. விளிம்புல ரெண்டு கோடு இருந்துச்சு. ரெண்டு கோடுன்னா ஈயம் நெறைஞ்ச கனப் பாளம், காமாக் கதிரைத் தடுக்கறது அதுதான்னு நம்மளை நிக்க வச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க. கனப் பாளத்துக்கு நாலு ஆள் வேணும், அதுலயும் ஒருத்தன் பல்லைக் கடிப்பான். அன்னைக்கு ரெண்டு பேர் தூக்கினாங்க. பேசிக்கிட்டே தூக்கினாங்க.

நான் பார்த்தேன், வாயைத் திறக்கல. அன்னைக்குக் காலையிலதான் பத்துப் பேர் முன்னாடி, "அண்ணி, உங்க கை இப்பல்லாம் நடுங்குது"ன்னு சொல்லியிருந்தே. நடுங்கற கைக்காரி எதுக்கு நியாயம் பேசணும்னு இருந்துட்டேன்.

எடை போட்டது நீ, அதான் உனக்குத் தராசுன்னே பேரு. சீட்டு எழுதினது நீ. அந்தப் பாளத்துக்கு என்ன எடை எழுதினே?

உன் அண்ணி

•

மார்ச் 8, ஞாயிறு

அண்ணிக்கு வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவள். என் மேசையைத் தாண்டிப் போன ஒவ்வொரு பாளத்துக்கும் எடைச் சீட்டு உண்டு. இருபத்தொரு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சீட்டில் என்ன எண் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ரெண்டு பேர் தூக்கினார்கள் என்றால் அந்த ரெண்டு பேரும் பலசாலிகளாக இருந்திருக்கலாம்.

ஜன்னலைப் பொருத்தும்போது கருவி வைத்து அளந்த பிறகுதான் ஏற்றுக்கொள்வார்கள். எனவே தாங்கள் பயப்படக் காரணம் இல்லை. பேத்தியையும் பயமுறுத்த வேண்டாம்.

நலம் விசாரிக்க எழுதவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் விசாரிக்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். என் அண்ணன் போன சேதி எனக்கு நாலாம் நாள் ஓர் அஞ்சலட்டையில் வந்தது. நான் பஸ் பிடித்து வந்தபோது வாசல் கழுவிக் காய்ந்திருந்தது. தாங்கள் உள்ளே இருந்துகொண்டே தலைவலி என்று சொல்லி அனுப்பினீர்கள். எதையும் மறக்காதவர் நீங்கள், இதையும் மறந்திருக்க மாட்டீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாத்தனார்

பி.கு: சில்லு இருப்பது இடது கீழ் மூலையிலா, வலது கீழ் மூலையிலா?

•

மார்ச் 11, புதன்

தராசுக்கு,

வலது மூலை.

ஒண்ணும் தெரியாதவ இடதா வலதான்னு கேக்க மாட்டா. உன் கடுதாசி முழுக்க மெத்தை போட்டு வச்ச மாதிரி இருந்துச்சு. கடைசி வரியில ஊசி வெளிய வந்துடுச்சு.

முழங்கால் இருக்கு, ரெண்டு. அஞ்சலட்டை விஷயம் நான் வேணும்னு செஞ்சதுதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருபது வருஷம் மெருகு போட்ட கையைத் தேய்ப்பு மேடையிலிருந்து இறக்கி அட்டைப் பெட்டி கட்ட அனுப்பினவளுக்கு நான் வேற என்ன செய்ய முடியும். அந்தச் சண்டையை அப்புறம் போடுவோம். நான் செத்தாலும் போடுவோம். இப்ப கேளு.

பேத்தி முழுகாம இருக்கா. மூணாம் மாசம். ஆஸ்பத்திரியில சொல்லல. சொன்னா அன்னைக்கே அந்த அறையை விட்டு வெளிய அனுப்பிடுவாங்க. மூணு மாசம் வேலையைப் பார்த்துட்டுத்தான் உறுதி பண்ணுவாங்களாம். "இன்னும் ஏழே வாரம் பாட்டி, கையெழுத்து ஆனதும் நானே சொல்லிடறேன். அந்தக் கண்ணாடி எவ்வளவு தடிப்புன்னு உனக்குத் தெரியாதா"ங்கறா. நம்ம கண்ணாடியை நம்பித்தான் அவ வாயை மூடிக்கிட்டு இருக்கா.

கருவி வச்சு அளப்பாங்கன்னு எழுதினே. நைசாப் பேச்சுக் கொடுத்துக் கேட்டேன். அந்த ஜன்னல் முதல்ல ஒரு காலேஜ் ஆராய்ச்சிக் கூடத்துல இருந்துச்சாம். அங்க கடுகளவு மருந்து. அதை வச்சு அளந்தாங்க, சரியா இருந்துச்சு. காலேஜ்ல அந்தக் கூடத்தை மூடினதும் ஆஸ்பத்திரிக்காரங்க சட்டத்தோட வாங்கிட்டு வந்து, பழைய சீட்டைப் பார்த்தே மாட்டிட்டாங்க. இங்க வர்ற மருந்து அதைப் போல நூறு மடங்கு. சட்டையில ஒரு வில்லை குத்தியிருக்கா, உடம்புல பட்ட கதிரை அது காட்டுமாம். மூணு மாசத்துக்கு ஒருதரம் வெளியூருக்கு அனுப்பித்தான் படிப்பாங்க. அந்த அறையே இவ சேர்ந்தப்பத்தான் திறந்தாங்க. ஒரு வில்லை கூட இன்னும் படிச்சு வரல.

காமா கண்ணுக்குத் தெரியாது, சூடும் தெரியாது, வாசனையும் இல்லைன்னு சொல்லிக் கொடுத்தாங்களே. அப்பல்லாம் அதைக் கேட்டா பேய்க் கதை மாதிரி இருக்கும், சிரிப்போம். இப்ப அவ சாயந்திரம் வந்து செருப்பைக் கழட்டறப்ப அவ முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். "என்ன பாட்டி, புதுசாப் பாக்கற மாதிரி பாக்கறே"ங்கறா.

நேத்துக் குளியலறையில விழுந்துட்டேன்னு சொன்னேன். விழல. இன்னைக்கும் நாளைக்கும் லீவு போட வச்சேன். வெள்ளிக்கிழமை மறுபடி கிளம்பிடுவா. எத்தனை தரம் விழறது, சொல்லு.

கூரியர்ல போடு. தபால்காரனை நம்பி என்னால உக்காந்திருக்க முடியாது.

அண்ணி

•

மார்ச் 14, சனி

அண்ணி,

போன கடிதத்தை ஆபீஸ் மேசையில உக்காந்த மாதிரி எழுதினேன். இதை அப்படி எழுத வரல.

நூத்திப் பன்னெண்டு கிலோன்னு எழுதினேன். அந்தப் பாளத்தை நான் தராசுல வைக்கவே இல்ல. தராசு ரிப்பேருக்குப் போயிருந்துச்சு, லாரி வாசல்ல நின்னுக்கிட்டு ஹாரன் அடிச்சான். விளிம்பைப் பார்த்தேன், ரெண்டு கோடு. நீங்க கீறின கோடு. உங்க கோடு ஒரு நாளும் தப்பினதில்ல. கனப் பாளத்துக்குப் பட்டியல்ல என்ன எடையோ அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழிச்சுத் தராசு வந்துச்சு. அதோட ஜோடிப் பாளம் மூலையில நின்னுச்சு, ஒத்தைக் கோடு போட்டது, லேசுப் பாளம். சும்மா தராசைச் சரி பார்க்கத்தான் அதை ஏத்தினேன். அறுபத்தொண்ணு காட்டணும். நூத்திப் பன்னெண்டு காட்டுச்சு. தராசு மேல தப்புன்னு நினைச்சு மூணு தரம் இறக்கி ஏத்தினேன். அப்புறம்தான் புரிஞ்சுச்சு. கனம் இங்க நிக்குது, லேசு ஜன்னலுக்குள்ள போயிடுச்சு.

எப்படி மாறுச்சுன்னு சொல்றேன். கோபப்படாம படிங்க. ரெண்டு பாளமும் ஒண்ணோட ஒண்ணு மோதி ரெண்டுக்கும் வலது மூலை போச்சு, ஞாபகம் இருக்கா. நீங்கதான் ரெண்டு விளிம்பையும் ராவினீங்க. கோடு இருந்ததும் அதே விளிம்புலதான். ராவினதுல ரெண்டு பாளத்துக் கோடும் போயிருக்கும். நீங்க திரும்பக் கீறினீங்க. எதை வச்சுக் கீறினீங்கன்னு எனக்குத் தெரியும். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் நீங்க சொல்லிக் கொடுப்பீங்களே, "மஞ்சள் ஓடினா கனம், தண்ணி மாதிரி இருந்தா லேசு"ன்னு. முந்தின வருஷம் வரைக்கும் அது சரி. அந்த வருஷத்துல இருந்து, கதிர் பட்டுக் கறுத்துடாம இருக்க லேசுப் பாளத்துல ஒரு பொடி கலக்க ஆரம்பிச்சாங்க. அது சேர்ந்தா லேசும் மஞ்சள் ஓடும். சிலது கனத்தை விடவே கூட ஓடும்.

பலகையில தாள் ஒட்டினாங்க, இங்கிலீஷ்ல. தேய்ப்பு மேடைக்கு அதைப் படிச்சுச் சொல்றது என் பொறுப்பு. நாம பேசாம இருந்த மாசம் அது. உங்ககிட்ட வந்து நிக்கறதுக்கு எனக்குக் கவுரவம் இடம் கொடுக்கல. மத்த மேடைக்கெல்லாம் சொன்னேன்.

மாறினது தெரிஞ்சும் ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் அன்னைக்கே துரத்தியிருப்பாங்க. அண்ணன் அப்ப படுக்கையில, உங்க சம்பளத்துலதான் மருந்து. காலேஜுக்குத்தானே போயிருக்கு, கடுகளவு மருந்துதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். உங்களைப் பெட்டி கட்ட அனுப்பச் சொன்னது நான்தான். மேடையில இருந்தா இன்னொரு தப்புக் கோடு போட்டுடுவீங்களோன்னு பயந்தேன். பொறாமையில செஞ்சேன்னு நினைச்சீங்க. நினைச்சுக்கட்டும்னு விட்டேன்.

அந்த ஜோடிப் பாளத்தோட உண்மையான எடைச் சீட்டு என்கிட்ட இருக்கு. கிழிக்கவும் முடியல, காட்டவும் முடியல.

பொண்ணை அந்த அறைக்குள்ள விடாதீங்க.

நாத்தனார்

•

மார்ச் 15, ஞாயிறு

பொய்.

உன் தப்பைத் தூக்கி என் தலையில கட்டறே. இருபத்தொரு வருஷம் ஆச்சே, கிழவிக்கு மறந்திருக்கும்னு பார்த்தியா. அன்னைக்கு நீ கட்டியிருந்தது ஊதாப் புடவை, முந்தானையில மைக்கறை. லாரிக்காரனுக்கு ஒத்தைக் கண்ணுல கட்டி. எல்லாம் இருக்கு எனக்குள்ள. நான் கோட்டை அழிச்சிருந்தா அதுவும் இருக்கும்.

இல்ல. நான் தேடிப் பார்த்துட்டேன். இல்ல.

•

மார்ச் 16, திங்கள்

தராசு,

நேத்து எழுதினதைக் கிழிச்சுப் போடு.

இருக்கு. வேற எதையோ தேடறப்ப வந்துச்சு. ரெண்டு பாளத்துக்கும் அடியில வெள்ளைக் காகிதத்தை வச்சுப் பார்த்தேன். நிறம் தெரியட்டும்னு நாம வைப்போமே, அந்த மாதிரி. ரெண்டும் மஞ்சள். ஒரு நிமிஷம் கை நின்னுச்சு. யாரையாவது கேக்கலாமான்னு தலையைத் தூக்கினேன். எதிர்ல நீ நின்னே. உன்னைக் கேக்கறதான்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். எது கூட மஞ்சளோ அதுல ரெண்டு கோடு இழுத்தேன்.

அவ்வளவுதான். ஒரு மூச்சு விடற நேரம்.

சின்னவகிட்ட, நம்ம பேத்திகிட்ட, இன்னைக்குக் காலையில சொன்னேன். தலை சீவிக்கிட்டு இருந்தா.

"அந்த ஜன்னல்ல ஒரு பாளம் மாறியிருக்குடி."

"யாரு மாத்தினது?"

"நான்."

சிரிச்சா. "பாட்டி, உனக்கு வீட்டுல உக்காந்து பொழுது போகல. அதுக்குச் சர்டிபிகேட் இருக்கு."

"அந்தச் சர்டிபிகேட்டை எழுதினவ உன் அத்தைப் பாட்டி. எடை போடாமலே எழுதினா. இதோ அவ கைப்பட எழுதியிருக்கா, படி."

படிச்சா. சீப்பு தலையிலயே நின்னுச்சு. அப்புறம் விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சா. ஒரு நாளைக்கு ஆறு, வாரத்துக்கு ஆறு நாள். நான் போட வச்ச லீவைக் கழிச்சா. இருநூறு மணி நேரத்துக்கு மேல வந்துச்சு. எண்ணி முடிச்சதும் கை தானா வயித்துக்குப் போச்சு. என்னைத் திட்டுவான்னு நின்னேன். திட்டல. "நானே போய்ச் சொல்லிக்கறேன், நீ வராதே"ன்னு கிளம்பினா.

சாயந்திரம் வந்தா. "சொன்னியா?"ன்னேன்.

"பாதுகாப்பு அதிகாரி அறைக் கதவு வரைக்கும் போனேன் பாட்டி. ஜன்னலைச் சொன்னா வயித்தையும் சொல்லணும். இத்தனை நாள் மறைச்சேன்னு தெரிஞ்சா வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் என்னைச் சேர்க்க மாட்டாங்க."

"அப்ப இன்னைக்கு?"

"நின்னேன்."

தராசு, அவ மெதுவாத்தான் சொன்னா. இந்தத் தரம் நெஜமாவே விழுந்தேன். அவதான் தூக்கி உக்கார வச்சா. அவளைத் தூக்க விட்டேனே, வயித்துப் பிள்ளைக்காரியைன்னு அதுக்கு வேற அழுதேன்.

உன்கிட்ட இருக்கற சீட்டை அனுப்பு. நாளைக்கே அனுப்பு.

அண்ணி

•

மார்ச் 17, செவ்வாய்

அண்ணி,

உங்க கடிதம் பதினோரு மணிக்கு வந்துச்சு, ரெண்டு மணிக்கு இது கூரியர்ல போகுது. உள்ள மூணு தாள் இருக்கு. ஜோடிப் பாளத்தோட எடைச் சீட்டு. அந்த ஜன்னலுக்கு நான் எழுதின சீட்டோட நகல். மூணாவது, அதிகாரிக்கு நான் எழுதின வாக்குமூலம். அதுல என் பேரும் விலாசமும் இருக்கு.

ஒண்ணு கவனிங்க. கோட்டைப் போட்டது யாருன்னு எந்தத் தாள்லயும் இல்ல. எடை போடாம எழுதினது நான், தெரிஞ்சும் மறைச்சது நான். அது போதும் அவங்களுக்கு. பட்டறை மூடிப் பல வருஷம் ஆச்சு, யாரும் வந்து சாட்சி சொல்லப் போறதில்ல. பாளம் மாறிப் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. உங்க பேரு வர வேண்டாம். பொண்ணு நாளைக்கு உங்க முகத்தைப் பார்த்துத்தானே அந்த வீட்டுல இருக்கணும்.

முடிஞ்சா அவ போறதுக்கு முன்னாடி நீங்க போங்க. காலையில எட்டு மணிக்கே போங்க.

நாத்தனார்

•

மார்ச் 24, செவ்வாய்

தராசு,

உன் கூரியர் வந்த மறுநாள் காலையில சின்னவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி கிளம்பிட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல காவல்காரன், "பாட்டி, வெளி நோயாளி சீட்டு அந்தப் பக்கம்"ன்னான். "எனக்கு வியாதி இல்லப்பா, உங்க ஜன்னலுக்குத்தான்"ன்னேன். முறைச்சுப் பார்த்தான். பைத்தியம்னு நினைச்சிருப்பான்.

பாதுகாப்பு அதிகாரி என் மக வயசுப் பொம்பளை. கழுத்துல கண்ணாடி தொங்குது. நாற்காலி போட்டு, தண்ணி கொடுத்து, குழந்தைகிட்டப் பேசற மாதிரி பேசினா. உன் தாளைப் படிக்கப் படிக்க அந்தக் குரல் போயிடுச்சு. போனை எடுத்து, "அந்த அறையில யாரும் நிக்க வேண்டாம், இப்பவே"ன்னா. அப்புறம் என்கிட்ட, "பாளம் எப்படி மாறுச்சும்மா?"

நீ எழுதிக் கொடுத்த மாதிரி சொல்லணும்னுதான் போனேன். வாய் வரல. "நான்தாம்மா மாத்தினேன், நிறம் பார்த்துக் கோடு போட்டேன்"ன்னு சொல்லிட்டேன். என் தப்பையும் நீயே எடுத்துக்கிட்டா, அப்புறம் நான் உன்கிட்டச் சண்டை போட எனக்கு என்ன மிச்சம் இருக்கும்.

மருந்தை வச்சு வெளியில கருவி பிடிச்சாங்க. ஜன்னல் நடுவுல அது கத்துச்சாம். ரெண்டு நாள் கழிச்சுச் சட்டத்தைக் கழட்டி, பாளங்களுக்கு நடுவுல ஊத்தியிருந்த எண்ணெயை வடிச்சு, அந்தப் பாளத்தைத் தராசுல ஏத்தினாங்க. அறுபத்தொண்ணு. நீ சொன்ன எண்தான். சின்னவ அதிகாரி முன்னாடி உக்காந்து வயித்தையும் சொல்லிட்டா. வேலையை விட்டு எடுக்கல. மாடியில காகிதம் பார்க்கற மேசை கொடுத்திருக்காங்க. வில்லையை அவசரம்னு எழுதி அனுப்பியிருக்காங்க. பதில் வர மூணு வாரமாம்.

மூணு வாரம். அவ என்கிட்டப் பேசறதில்ல. சோத்தைத் தட்டுல போட்டு மூடி வச்சுட்டு உள்ள போயிடறா. கண்ணாடி முன்னாடி பக்கவாட்டுல நின்னு வயித்தைப் பார்க்கறா. நான் கதவிடுக்குல அவளைப் பார்க்கறேன்.

நான் உனக்கு எழுதற காரணம் இது இல்ல. கிளம்பறப்ப அதிகாரி கேட்டா: "அம்மா, விளிம்பு ராவிக் கோடு போட்டது இந்த ஒண்ணுதானா?"

"தலை சுத்துதும்மா, அப்புறம் சொல்றேன்"னுட்டு வந்துட்டேன். தலை சுத்தல.

பொடி கலக்க ஆரம்பிச்சதுல இருந்து நீ என்னை மேடையை விட்டு இறக்கற வரைக்கும், நான் ராவித் திரும்பக் கோடு போட்டது இது இல்லாம ஏழு. ஏழும் கண்ணு முன்னாடி நிக்குது. எந்தப் பாளம், எந்த அளவு, எந்த லாரி, எல்லாம். ஏழும் நிறம் பார்த்துத்தான். அதுல எதையெல்லாம் நீ நெஜமாத் தராசுல வச்சே? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு.

அண்ணி

•

ஏப்ரல் 9, வியாழன்

அண்ணி,

ரெண்டு வாரமா உங்க கடிதத்தைத் தலையணைக்கு அடியில வச்சிருக்கேன். மூணு தரம் பதில் எழுதிக் கிழிச்சேன்.

எல்லாத்தையும் வைக்கல. அவசரம்னா கோட்டைப் பார்த்து எழுதிடுவேன், அந்த வருஷம் எல்லாமே அவசரமாத்தான் இருந்துச்சு. ஏழுல மூணோ நாலோ வச்சிருப்பேன். எதுன்னு தெரியாது. உங்களுக்கு இருக்கற ஞாபகசக்தி எனக்குக் கிடையாது. நகல் சீட்டுக் கட்டு பரண் மேல இருக்கு. எடை போட்டு எழுதினதுன்னா கிலோவுக்குப் பக்கத்துல கிராமும் இருக்கும், பட்டியலைப் பார்த்து எழுதினதுல கிலோ மட்டும்தான் இருக்கும். பிரிச்சா தெரிஞ்சுடும். பிரிக்கப் பயமா இருக்கு.

மனசுல இருக்கறதை அப்படியே எழுதறேன். விட்டுடலாமா அண்ணி? எனக்கு எழுபத்திரண்டு, உங்களுக்கு எழுபத்தஞ்சு. நம்ம பொண்ணு வெளிய வந்துட்டா. மத்த ஏழும் எங்க போச்சோ, இருக்கோ உடைஞ்சுச்சோ. ஒருத்தர் வாக்குமூலத்துக்கே ரெண்டு அதிகாரிங்க வந்து கூடத்துல உக்காந்து ஒரு பகல் முழுக்கக் கேள்வி கேட்டாங்க. அவங்க உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னேன். பாதி புரியல. மருமக கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. அதுல இருந்து டம்ளரைக் கையில கொடுக்கறதில்ல, மேசையில வச்சுட்டுப் போறா.

ஏழுன்னு சொன்னா ஏழு வீட்டுல இருந்து வருவாங்க.

நீங்க சொல்றதைக் கேக்கறேன். இந்த ஒரு தரம் நீங்க சொல்றதைக் கேக்கறேன்.

நாத்தனார்

•

ஏப்ரல் 12, ஞாயிறு

தராசு,

வில்லைக்குப் பதில் வந்துடுச்சு. சின்னவளே எனக்குப் படிச்சுக் காட்டினா. மூணு வாரத்துக்கு அப்புறம் என்கிட்ட அவ பேசின முதல் பேச்சு அதுதான். வேலை செய்யறவங்களுக்குன்னு ஒரு கோடு வச்சிருக்காங்களாம், அதுக்கு ரொம்பக் கீழ இருக்கு. பிள்ளை சுமக்கறவளுக்குன்னு வேற கோடு, அதுக்கு மேல போயிடுச்சு. டாக்டரம்மா, "பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது"ன்னாங்களாம். இவ, "அதை எழுதிக் கொடுங்க"ன்னு கேட்டிருக்கா. "எழுதிக் கொடுக்க முடியாதும்மா, பார்த்துக்கிட்டே இருப்போம்"னாங்களாம். பிள்ளை பிறக்கற வரைக்கும் பார்க்கணும், பிறந்ததுக்கு அப்புறமும் பார்க்கணும். பயம் போகல. நம்ம வீட்டுலயே குடித்தனம் வந்துடுச்சு.

உன் கடுதாசியை மேசை மேல வச்சிருந்தேன். எடுத்துப் படிச்சுட்டா. ஒளிச்சு வச்சிருக்கணும்னு நினைச்சேன். அப்புறம் ஒளிச்சு வச்சதுலதானே எல்லாம் வந்துச்சுன்னு விட்டுட்டேன்.

படிச்சுட்டு என் எதிர்ல உக்காந்தா. "ஏழா பாட்டி?"ன்னா.

"ஏழு."

"அந்த ஏழுக்கும் முன்னாடி இப்ப யாராவது நின்னுக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்குப் பட்டறையில வேலை பார்த்த பாட்டி இல்ல. யாரு படத்தைப் பார்த்து யாரு சொல்லுவா?"

உன் கடுதாசியை அவகிட்டேருந்து வாங்கி வச்சுட்டுப் பேனாவைத் தேடினேன்.

நீ கேட்டதுக்குப் பதில் இதுதான்: விட முடியாது. எந்தப் பாளம், எங்க போச்சுங்கறது என் மண்டைக்குள்ள இருக்கு. எது தராசுல ஏறினது, எது ஏறாததுங்கறது உன் பரண் மேல இருக்கு. ரெண்டும் ஒரே மேசையில உக்காந்தாத்தான் உருப்படியா ஒரு தாள் ஆகும். சீட்டுக் கட்டை எடுத்துக்கிட்டு வா. மூக்குக் கண்ணாடியை மறந்துடாதே, மறக்கறதுதான் உன் வழக்கம். சின்னவ புதன்கிழமை லீவு போட்டிருக்கா. அவளே பஸ் நிலையத்துக்கு வருவா. காது கேக்காதவளை ரோட்டுல அலைய விடாதேன்னு சொல்லி வச்சிருக்கேன். அவ உன்னைக் கேள்வி கேப்பா. உனக்குக் காது கேக்கலன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, தாள்ல எழுதிக் காட்டிக் கேப்பா. கேக்கட்டும்.

நடுவுல எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அத்தனையும் என்னோட போயிடும். அதுக்குப் பயந்து இப்பவே ஆரம்பிக்கிறேன். இந்தக் கடுதாசியைப் பத்திரமா வச்சுக்க.

முதல் பாளம். தகரக் கூரை ஒழுகி மேடையெல்லாம் வாளி வச்சிருந்த வாரம். நாலு விரல் தடிப்பு. இரும்புக் குழாய்ப் பத்தவைப்பைக் கதிர் விட்டுப் படம் பிடிச்சுப் பார்க்கற கம்பெனிக்கு, பச்சை லாரியில போச்சு. ரெண்டு கோடு போட்டேன்.

ரெண்டாவது, குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குப் போனது.